மூன்று தடவைதான்

பட்டாளத்திலிருந்து என் தம்பியைப் பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும், வழியில் நின்றவர்களுக்கும், வந்து தலைகுனிந்துவிட்டுப் பேரைக்கூடச் சொல்லாமல் போனவர்களுக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பவும் எழுதத் தெம்பில்லை. எழுத வேண்டாம் என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாலு நாளாகிறது. பந்தலைப் பிரித்தாயிற்று, வாடகை நாற்காலிகளும் போய்விட்டன. இப்போது விட்டால் அப்புறம் எழுதவே மாட்டேன் என்பதால் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரே மூச்சில் சிலரைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு கூடவே வந்த அவனுடைய யூனிட்காரர்கள் இரண்டு பேர். பாய் கொடுத்தும் வாங்காமல் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்தார்கள். மறுநாள் அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார்கள். சட்டை நாலு, கம்பளிக் குல்லா ஒன்று, பென்சிலில் வரைந்த யானைப் படம் ஒன்று. யானையையும் பட்டியலில் எழுதியிருந்தார்கள். அப்புறம் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்து வரிசையாக நின்ற முன்னாள் ராணுவத்தினர், பென்ஷன் பாரங்களை வீட்டுக்கே கொண்டுவந்து எந்த இடத்தில் கையெழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்த முன்னாள் படைவீரர் நல அலுவலக ஊழியர், ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் மூன்று நாள் காசு வாங்காத டீக்கடைக்காரர், எங்கள் மாடுகளுக்குத் தண்ணி காட்டிய எதிர்வீட்டுப் பிள்ளைகள். எல்லோருக்கும் நன்றி.

சாலையில் நின்ற காவலர்களையும் சொல்ல வேண்டும். மதுரை விமான நிலையத்திலிருந்து எங்கள் விலக்கு வரைக்கும், வண்டி திரும்புகிற இடமெல்லாம் யாராவது ஒருவர் சல்யூட் அடித்து நின்றார். கோவில்பட்டிக்கு முன்னால் ஓரிடத்தில் நின்றவருக்கு ஓய்வு பெறும் வயதிருக்கும். கை நடுங்கியது, ஆனால் வண்டி தாண்டுகிற வரை இறக்கவில்லை. தம்பி லீவில் வரும்போதெல்லாம் ஒன்று சொல்வான். "எங்க கேம்புக்கு முன்னால போற ரோடும் நம்ம விலக்குல போற ரோடும் ஒண்ணுதாங்க்கா. நேரா விட்டா வீட்டுக்கு வந்துரலாம்." விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்திருந்தேன். நிஜம்தான். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, 3,700 கிலோமீட்டருக்கு மேல். அதே சாலையில்தான் வந்து சேர்ந்தான்.

சரி, இந்த மடலை யாருக்காக எழுத உட்கார்ந்தேனோ அவரிடம் வருகிறேன்.

பந்தோபஸ்துக்கு வந்த ஒரு பெண் காவலர். முப்பது வயதுக்குள் இருக்கும். பேரைப் போடட்டுமா என்று போனில் கேட்டதற்கு, "வேண்டாங்க்கா, ஸ்டேஷன்ல கேலி பண்ணியே கொன்னுருவாங்க" என்றார். அதனால் பேர் இல்லை.

தம்பி மகளுக்கு ஆறு வயது. சத்தம் என்றால் அவளுக்கு ஆகாது. சிவகாசிக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு, தீபாவளியன்று விடிந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியில்தான் இருப்பாள். ஒரு தீபாவளிக்குத் தம்பிக்கு லீவு கிடைத்தது. அவனும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். மாமா ஒருவர், "துப்பாக்கி புடிக்கிறவன் மக பட்டாசுக்குப் பயப்படலாமா" என்று கிண்டல் செய்ய, இவன் அடியிலிருந்தே, "எனக்கும் பயந்தான் மாமா" என்றான்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. யாருக்குமே இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அந்தப் பிள்ளையிடம் குனிந்து, "அப்பா எங்கம்மா போயிருக்காங்க?" என்று கேட்டபோதுதான் அந்தப் பெண் காவலரை முதலில் கவனித்தேன். அதட்டவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார், அவ்வளவுதான். பிறகு பிள்ளையைக் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். சந்தேகப்பட்டு நானும் பின்னாலேயே போனேன்.

துவைக்கிற கல்லில் அவளை உட்காரவைத்துத் தான் தரையில் முட்டி போட்டிருந்தார்.

"பாப்பா, கொஞ்ச நேரங்கழிச்சு அங்க ஒரு சத்தம் வரும். பெரிய சத்தம். துப்பாக்கிச் சத்தம். ஆனா அதுல குண்டு இருக்காது. வெறும் சத்தந்தான். வானத்தப் பாத்துத்தான் சுடுவாங்க. யாரு மேலயும் படாது. அப்பா மேலயும் படாது."

பிள்ளை ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "எத்தனை தடவ?" என்றாள்.

இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். "இரு, கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்து போய், வாசலில் துப்பாக்கியோடு நின்ற ராணுவக்காரர்களின் ஹவில்தாரையே கையோடு கூட்டிவந்துவிட்டார். அவர் மலையாளி. விறைப்பான உடுப்பில் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து, மூன்று விரலைக் காட்டி, "மூணு. மூணே மூணு. மோள் எண்ணிக்கோ" என்றார்.

எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கமில்லை. அன்று போனோம், யாரும் தடுக்கவில்லை. 'ஷோக் சஸ்திர' என்று குரல் கேட்டதும் அத்தனை துப்பாக்கியும் தலைகீழாகக் கவிழ்ந்தன, வீரர்கள் தலையைக் குனிந்தார்கள். முதல் வேட்டில் அம்மா அலறிவிட்டாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிள்ளையின் இரண்டு காதையும் அந்தக் காவலர் பின்னால் நின்று பொத்தியிருந்தார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. மூன்றாவதுக்குக் கண்ணைத் திறந்து, காதிலிருந்த கைகளைத் தானே எடுத்துவிட்டாள். பியூகிள் வாசித்ததை முழுக்கக் கேட்டாள்.

பதினாறாம் நாளன்று அந்தக் காவலர் டியூட்டி முடிந்து சேலையில் வந்திருந்தார். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அவருக்கும் பிள்ளை இருக்கும், அதனால்தான் என்று நானாக நினைத்திருந்தேன். அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

அவருடைய அப்பாவும் போலீஸ். ராத்திரி வாகனச் சோதனையில் நின்றபோது லாரி மோதி இறந்திருக்கிறார். அப்போது இவருக்கு ஏழு வயது. வேலையே வாரிசு வேலையாக வந்ததுதானாம்.

"எனக்கு யாரும் சொல்லலக்கா. எங்கப்பாவ எடுத்தப்பவும் வேட்டு போட்டாங்க. அந்தச் சத்தத்துல, எங்கப்பாவத்தான் சுடுறாங்கன்னு நெனச்சேன். ரொம்ப வருசம் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு வடையைப் பிட்டுச் சாப்பிட்டார். எனக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. டிசம்பர் 7 வந்தால் பிள்ளைகளிடம் உண்டியலைக் கொடுத்துக் கொடிநாள் வசூல் செய்வேன். தம்பி பட்டாளத்தில் இருந்ததால் கொஞ்சம் பெருமையாகவே செய்வேன். காவலர்களுக்கும் ஒரு நாள் உண்டு என்பது அந்தப் பெண் சொல்லித்தான் தெரியும். அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாள். 1959-இல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் சீனப் படையினர் சுட்டதில் பத்துக் காவலர்கள் இறந்த நாள். அந்த எல்லையில் அன்று காவலுக்கு இருந்தது மத்திய ரிசர்வ் போலீஸ். எல்லை என்றால் ராணுவம், ஊருக்குள் என்றால் போலீஸ் என்றுதான் இத்தனை நாளும் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு, அந்த ஆண்டு பணியில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்களாம். அவர் அப்பா பெயரையும் ஒரு வருடம் வாசித்திருக்கிறார்கள். இவர் அம்மாவின் மடியில் தூங்கிவிட்டாராம், கேட்கவில்லையாம்.

இந்த அக்டோபரில் போலீஸ் ஆயுதப்படை மைதானத்துக்குப் போகப்போகிறேன். உள்ளே விடுவார்களா தெரியாது. விடாவிட்டால் வெளியில் நிற்கிறேன்.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அன்று விடிகாலை நாலு மணியிலிருந்து எங்கள் தெருவில் நின்ற பெண் காவலர்கள், ஒதுங்க இடமில்லாமல் மத்தியானம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். துக்க வீட்டில் போய் எப்படிக் கேட்பது என்று கேட்கவில்லை. முதலமைச்சர் போகிற சாலையோரங்களில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று 2021-இல் உத்தரவு வந்தபோது, செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பியவள்தான் நானும். இனிமேல் எங்கள் தெருவில் தேர்தலோ, திருவிழாவோ, சாவோ எதற்குப் பந்தோபஸ்து போட்டாலும் எங்கள் கொல்லைக் கதவு திறந்திருக்கும். கேட்க வேண்டியதில்லை, வரலாம்.

நேற்றுச் சாயங்காலம் கீழத்தெருவில் ஒரு தாத்தா தவறிவிட்டார். தொண்ணூறைத் தாண்டியவர், கல்யாணச் சாவு. கொட்டுச் சத்தம் நெருங்கியதும் பிள்ளையைத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெடி போட ஆரம்பித்தார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினாள். வெடி நிற்கவில்லை. நாலு, அஞ்சு என்று போனது. என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தை, இவங்களுக்கு யாரும் சொல்லலியா?"