மொக்போ சந்தையில் ஓர் ‘உது’

அன்பின் மச்சானுக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று அறிந்து பெரிய நிம்மதி. மகள் ஏ.எல். எழுதுகிற வயதுக்கு வந்துவிட்டாள் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

‘இரண்டு வருசமா அங்கை இருக்கிறாய், உண்மையா அவங்கடை பாஷை கதைப்பியோ?’ என்று கேட்டிருந்தாய். கதைப்பேன் மச்சான். ஆனால் முதல் வருசம் முழுக்க வாய் திறக்கவே முடியவில்லை. மொக்போ, கொரியாவின் தென்மேற்கு மூலையில் உள்ள துறைமுகப் பட்டினம். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு 22 பாடம் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பகல் முழுக்க ஆங்கிலம். பின்னேரம் கொரிய மொழி படிக்கவும் ஆங்கிலப் புத்தகம். அங்கேதான் பிழை நடந்தது.

எழுத்து இரண்டு நாளில் வந்துவிட்டது. 1443-இல் செஜோங் மன்னர் ஆக்கி, 1446-இல் மக்களுக்கு வெளியிட்டது. அடிப்படை எழுத்து 24 தான். வசனம்தான் வரவில்லை. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் நினைத்து, தலைகீழாகப் புரட்டிச் சொல்லுவேன். அதற்குள் எதிரில் நிற்பவர் போய்விடுவார்.

ஒரு சனிக்கிழமை மீன் சந்தைக்குப் போனேன். ஒரு கிழவி சாவாளையை அடுக்கி வைத்திருந்தா. இங்கே அதைக் கல்ச்சி என்பார்கள், வெள்ளித் தகடு மாதிரி மினுங்கும். அவவின் முழங்காலோடு ஒட்டிக் கிடந்த ஒன்றைக் காட்டி ‘ஜொகோ ஜுசேயோ’, அதைத் தாங்கோ என்றேன். அவ திரும்பி, பின்னால் கயிற்றில் தொங்கிய கருவாட்டைப் பார்த்தா. றப்பர் கையுறை போட்ட கையால் அதைத் தொட்டு ‘இகோ?’ என்று கேட்டா. இல்லையென்று தலையாட்டினேன். திரும்பவும் ஜொகோ என்றேன், திரும்பவும் கருவாடு. புத்தகத்தில் குகோவுக்கும் ஜொகோவுக்கும் ‘தட்’ (that) என்று ஒரே ஆங்கிலச் சொல்தான் போட்டிருந்தது. அந்த நேரம் உன்ர அம்மாவின் குரல் காதில் விழுந்த மாதிரி இருந்தது: ‘தம்பி, உந்தச் செம்பை இஞ்சை தா.’

உது!

‘குகோ’ என்றேன். கை நேரே என் மீனில் வந்து விழுந்தது.

இகோ, குகோ, ஜொகோ. இது, உது, அது. எனக்குப் பக்கத்தில் இருந்தால் இது, உனக்குப் பக்கத்தில் இருந்தால் உது, இரண்டு பேருக்கும் தூரமென்றால் அது. முந்தி ரொறன்ரோவில் தமிழ்நாட்டுச் சிநேகிதர்களோடு கதைத்துக் கதைத்து ‘உது’ என் வாயிலிருந்து கழன்றே போயிருந்தது. இரவு வகுப்பில் இதைச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த குருநாகல் பெடியன் ‘ஓய!’ என்று சிரித்தான். கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்கிறவன். சிங்களத்திலும் கேட்கிறவர் பக்கம் இருப்பதற்குத் தனிச்சொல் இருக்கிறதே.

அதற்குப் பிறகு ஆங்கிலப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கிழவி நெத்தலிக் கருவாட்டில் ஒன்றைக் கையில் தந்து ‘மொகோ ப்வா’ என்றா. மொகோ என்றால் சாப்பிட்டு, ப்வா என்றால் பார். சாப்பிட்டுப் பார்! செய்து தா, எடுத்து வை என்பதெல்லாம் அப்படியே இருக்கின்றன. நாங்கள் ‘போய்விட்டான்’ என்று சொல்லுகிற இடத்தில் மட்டும் அவர்கள் விடுவதில்லை, எறிகிறார்கள்: ‘கா பொர்யொத்தா’, போய் எறிந்தான். இலக்கண வகுப்பில் குற்றியலுகரம் மனப்பாடம் செய்தோமே, ‘காது’, ‘ஆறு’ என்று உதட்டைக் குவிக்காமல் முடிக்கிற உகரம். அதற்கு இவர்களிடம் தனி எழுத்தே உண்டு, ஒரு கிடைக்கோடு. குகோவின் முதல் உயிரோசை அதுதான்.

தமிழ் கைவிட்ட இடமும் உண்டு. நிலா, மகள், முகமூடி மூன்றும் என் காதுக்கு ஒரே ‘தல்’தான். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ரிஷ்யூவைக் கிழித்து என் வாய்க்கு முன்னால் பிடித்தாள். முகமூடி என்று சொன்னால் தாள் நன்றாகப் பறக்க வேண்டும், மகள் என்றால் அசையவே கூடாது. இடைவேளை முடியும்வரை அவள் தாளை இறக்கவில்லை. அந்தப் பொறுமை எனக்கு வகுப்பில் இருந்ததா என்று அன்றிரவு யோசித்தேன்.

ஏனென்றால், ஆங்கிலத்தில் ‘அ’வையும் (a) ‘த’வையும் (the) விட்டு எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் சிவப்புக் கோடுதான் போட்டுவந்தேன். அந்தச் சின்னச் சொற்கள் அவர்கள் மொழியிலும் இல்லை, எங்களிடமும் இல்லை. இப்போது ‘கு’வில் இருந்து தொடங்குகிறேன். ஏற்கெனவே சொன்ன நாயை அவர்கள் ‘கு நாய்’ என்பார்கள். அதைப் பிடித்து ‘த’வுக்குக் கூட்டிப் போனால் பாதிப் பேருக்காவது விளங்குகிறது.

தமிழும் கொரிய மொழியும் ஒரே குடும்பம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நீயும் பார்த்திருப்பாய். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இலேயே ஒப்பிலக்கணம் எழுதி அப்படி வாதித்தார்; மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கும் அந்த உறவு தேவைப்படவில்லை. உறவில்லாத இரண்டு மொழிகள் இவ்வளவு கிட்ட வந்து நிற்பதுதான் எனக்கு அதிசயம்.

கொரிய மொழித் தேர்ச்சிக்கு நடக்கிற டொபிக் சோதனையில் அடுத்த முறை மூன்றாம் நிலை எடுக்கப் பார்க்கிறேன், 300-க்கு 120 வேண்டும். உன்னிடம் ஒரு உதவி. அம்மா குசினியில் கதைக்கிறதை அவவுக்குச் சொல்லிப்போட்டு ஒரு அரை மணித்தியாலம் போனில் பதிந்து அனுப்பு. எந்தெந்த இடத்தில் ‘உது’ சொல்லுறா என்று கேட்கவேணும்.

அன்புடன்,
உன் மச்சான்