அண்டா இன்னும் உங்கள் வீட்டில்தான்

பாடாங் செராய்
ஞாயிறு காலை

டேய் நெட்டை,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மா நலம், முட்டிவலி மட்டும். நம் கூட்டாளி கட்டைக்கு மூன்றாவதும் பெண்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பையன் மேல் பழி போட்டுவிட்டேன்டா.

நீ ஜோகூர் போவதற்கு முன்னால் குலிமில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினோமே, லினக்ஸில் வன்பொருளை இயக்கும் அந்த டிரைவர் நிரல். போன மாதம் அதற்கு லோடு, அதாவது வேலைச்சுமை, கூட்டிச் சோதிக்க ஆரம்பித்தோம். மாட்யூலை, அதாவது அந்த டிரைவரை, இறக்கும்போது எப்போதாவது ஒரு தடவை லினக்ஸின் மையமான கர்னலே விழுந்தது. அதே வாரம்தான் புதுப் பையன், வெளியேறும் இடத்தில் இருந்த, பாயின்டர் வெறுமையா என்று பார்க்கும் நல் (NULL) சோதனைகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்தான். அவன் செய்ததில் தப்பே இல்லை. 2015-இல் வந்த 4.3 கர்னலிலிருந்தே மெமரிக் கையிருப்பான மெம்பூலை அழிக்கும் மெம்பூல் டெஸ்ட்ராய், அதற்கு மெமரி தரும் கேஷை அழிக்கும் கேமெம் கேஷ் டெஸ்ட்ராய் எல்லாம் நல் பாயின்டர் வந்தால் பேசாமல் திரும்பிவிடும். எனக்கும் தெரியும். ஆனாலும் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் “இவன் கை வைத்த பிறகுதான்” என்றேன். பையன் வாயே திறக்கவில்லை.

அப்புறம் மெமரித் தப்பைக் கண்டுபிடிக்கும் கேசானை ஏற்றி ஓட்டினேன். மெமரியை யார் வாங்கினான், யார் விட்டான், விட்ட பிறகு யார் தொட்டான், மூன்றையும் கொட்டிவிட்டது. தொட்டது ஒரு ஆர்சியு கால்பேக், பழைய தரவைப் படிப்பவர்கள் முடித்த பிறகு ஓடட்டும் என்று வரிசையில் வைத்த வேலை. நாம் டெஸ்ட்ராய் செய்து முடித்த பிறகு சாவகாசமாக வந்து, “இந்தா உன் பொருள்” என்று மெம்பூல் ஃப்ரீயைக் கூப்பிடுகிறது. வாங்கி வைக்க அங்கே மெம்பூலே கிடையாது. சாதாரண நாளில் கால்பேக் முந்திவிடும், லோடு ஏறினால் பிந்திவிடும். அதனால்தான் இத்தனை வருஷம் மாட்டாமல் இருந்தோம்.

நாம் அங்கே சிங்க்ரனைஸ் ஆர்சியு போட்டிருந்தோம். அது போதும் என்று மேசையில் அடித்துப் பேசியவன் நீ! அது கிரேஸ் பீரியட், அதாவது ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும் நேரம், முடியும்வரைதான் காக்கும். வரிசையில் நிற்கும் கால்பேக்குகள் ஓடி முடிந்தனவா என்று பார்க்காது. அதற்கு ஆர்சியு பேரியர் வேண்டும். எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேமில் தேடினேன்: 2019, எழுதியவன் நான், பார்த்துச் சரி சொன்னவன் நீ.

நல் சோதனை இருந்தால் பாதுகாப்பு என்று நானே எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். மெம்பூல் உண்டானதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். வெளியே எத்தனை பொருள் சுற்றுகிறது என்பது எப்படித் தெரியும்? இப்போது முதலில் வன்பொருள் கூப்பிடும் இன்டரப்டை விடுவிக்கிறோம், பின்னணியில் ஓடும் வொர்க்கை ரத்து செய்து அது நிற்கும்வரை காத்திருக்கிறோம், அப்புறம் பேரியர், அதற்குப் பிறகுதான் மெம்பூல். கேஷ் கடைசி. மெம்பூல் தன் கையிருப்பை அதனிடம்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

திங்கட்கிழமை அதே மீட்டிங்கில் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லண்ணே” என்றான். அந்த அண்ணே இன்னும் குத்துகிறது. நீயும் அவனுக்கு ஒரு வரி எழுது, பாதித் தப்பு உன்னுடையது.

எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்கு. நம் தோட்டத்து லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். செம்பனையும் போயிற்று, வீடமைப்பு வருகிறதாம். கோயில் பாத்திர அறையை இடித்தது போன வாரம். தோட்டத்துக் கணக்கர் கிராணி மாமா நோட்டோடு வந்து கணக்குப் பார்த்தால் ஒரு அண்டா குறைகிறது. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது, கையெழுத்து உன்னுடையது. அது திரும்பி வருவதற்குள் அறையே போய்விட்டது. இங்கேயும் பேரியர் போட ஆளில்லை.

மற்ற சாமான் எல்லாம் இப்போது கட்டை வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் கிடக்கிறது. அவன் மனைவி அவனைத் திட்டுகிறாள், அவன் என்னைத் திட்டுகிறான். உன் அம்மாவால் அண்டாவைத் தூக்க முடியாது, என் காரில் ஏறாது. தைப்பூசத்துக்கு வரும்போது லோரிக்குச் சொல்லிவிட்டு வா.

உன்
குட்டை