தேசிக்காய் மண உடல் எண்ணெயில் வெயில் எச்சரிக்கை இல்லாதது தொடர்பான முறைப்பாடு

உப்புவெளி,
திருகோணமலை.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

உங்கள் தேசிக்காய் மண உடல் எண்ணெய்ப் போத்தல் ஒன்றைப் பிரதான வீதிக் கடையில் வாங்கினேன். பத்து நாளாக இரவில் குளித்த பிறகு பூசினேன், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக் கடலுக்குப் போனோம். கைகளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது என் ஆறு வயது மகன் தண்ணீரை நோக்கி ஓடப் பார்த்தான். எண்ணெய்க் கையாலேயே முதுகில் பிடித்து நிறுத்தினேன். அப்புறம் மதியம்வரை வெயிலில் விளையாடினான்.

செவ்வாய் காலை சட்டையைக் கழற்றும்போது "எரியுது அம்மா" என்று அழுதான். பார்த்தால், முதுகில் என் கை. உள்ளங்கையும் ஐந்து விரலும் அப்படியே சிவந்து, விரல் நுனி பட்ட இடங்களில் கொப்புளம். "பிள்ளைக்கு ஏன் இப்பிடி அடிச்சாய்?" என்று அம்மம்மா கேட்டார். வைத்தியசாலையில் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாக விசாரித்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. என் முன்கையிலும் எண்ணெய் வழிந்த கோடு கொப்புளமாக இருந்ததைக் கண்ட பிறகுதான் வைத்தியர், "தேசிக்காய் ஏதும் பூசினீங்களா?" என்று கேட்டார்.

தொலைபேசியில் உங்கள் பிரிவினர் இதை ஒவ்வாமை என்றார்கள். நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிப்பவள். இது ஒவ்வாமை இல்லை, ஒளியிரசாயனத் தாக்கம். தேசிக்காய்த் தோலில் சோரலென் வகைச் சேர்வைகள் உண்டு. இருட்டில் அவை சும்மா கிடக்கும். வெயிலில் உள்ள, 320 முதல் 400 நனோமீற்றர் வரையான கழியூதாக் கதிரை உறிஞ்சியதும் அருட்டப்பட்டு, தோல் கலங்களின் டீ.என்.ஏயோடு பிணைந்துவிடும். கலங்கள் சேதமாகி, ஒன்றிரண்டு நாள் கழித்துத் தோல் வெந்ததுபோல் ஆகும். இரவில் பூசியபோது ஒன்றும் ஆகாததும், செவ்வாய்க்கிழமைதான் கொப்புளம் தெரிந்ததும் இதனால்தான்.

இது புதிய விஷயமும் இல்லை. சோரலென் என்ற பெயரே கார்போகரிசிச் செடியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்தது. வெண்புள்ளிக்கு அந்த விதையைப் பூசி வெயில் காட்டுவது பழைய வைத்தியம். இன்றும் தோல் வைத்தியர்கள் சோரலெனையும் கழியூதாக் கதிரையும் அளந்துதான் கொடுக்கிறார்கள். நீங்களோ அளவும் சொல்லாமல், எச்சரிக்கையும் இல்லாமல், கடற்கரைப் படம் போட்ட போத்தலில் விற்கிறீர்கள்!

லேபிளில் 'குளிர்முறையில் பிழிந்த தேசிக்காய்த் தோல் எண்ணெய்' என்று இருக்கிறது. பிழிந்த எண்ணெயில்தான் இந்தச் சேர்வைகள் வரும். நீராவியில் வடித்த எண்ணெயில் அவை அநேகமாக இருக்காது. மணமும் கிடைக்கும், பிள்ளைகளின் தோலும் தப்பும். தயாரிக்கிற உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

திருகோணமலைக் கடைகளில் உள்ள போத்தல்களை உடனே திரும்ப எடுங்கள். பூசிவிட்டு வெயிலில் போகக்கூடாது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் முன்பக்கத்தில் போடுங்கள். பிழிந்த எண்ணெய் எத்தனை வீதம் சேர்க்கிறீர்கள் என்று எனக்கு எழுத்தில் அறிவியுங்கள். வைத்தியச் செலவுப் பற்றுச்சீட்டுகள், படங்கள், போத்தலின் தொகுதி இலக்கம் எல்லாம் இணைத்திருக்கிறேன். மிச்ச எண்ணெயோடு போத்தலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 14 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன்.

கொப்புளம் காய்ந்துவிட்டது. கபில நிறத்தில் ஐந்து விரல் இன்னும் இருக்கிறது, மறைய மாதக்கணக்காகும் என்கிறார் வைத்தியர். இப்போது பாடசாலை விடுமுறை, தினமும் பிள்ளைகள் கடலுக்குப் போகிறார்கள். அதனால்தான் போத்தல்களை உடனே எடுக்கச் சொல்கிறேன்.

உண்மையுள்ள,
உப்புவெளியிலிருந்து ஒரு தாய்