எந்தக் காது குளிர்கிறது?

பாப்பா,

நேற்று போனில் ‘ரெண்டு வருஷம் வீணாப்போச்சுப்பா’ என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். பிரிந்தது சரியா தப்பா என்று கேட்க மாட்டேன். அது உங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம். அந்த ‘வீண்’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

பரமக்குடிப் பாட்டியை ஞாபகம் இருக்கும், என் அத்தை. 1964 வைகாசியில் கல்யாணம். மாமாவுக்குத் தனுஷ்கோடியில் வேலை. தலைமன்னார் கப்பலில் ஏறும் சரக்குக்குக் கணக்கு எழுதினார். டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தபோது அத்தை தாய்வீட்டில் இருந்தாள். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் வாரிக்கொண்ட ராத்திரி அது. மாமாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஏழு மாதக் குடித்தனம். அப்புறம் நாற்பத்தேழு வருஷம் தனியாக இருந்தாள். (மறுமணம் பேசாமல் விட்டது வீட்டுப் பெரியவர்கள் செய்த தப்பு. அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.)

மாமாவை நினைத்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் மாடியில் துணி காயப்போடும் முன் முந்தானை நுனியைத் தூக்கிப் பிடிப்பாள். ‘இன்னிக்குக் கச்சான்டா, வேட்டியை அந்தப் பக்கம் போடாதே, சூளைப் புகை வரும்’ என்பாள். மேற்கே இருந்து வந்தால் கச்சான், கிழக்கே இருந்து கொண்டல், வடக்கே இருந்து வாடை. கடலே இல்லாத அந்தத் தெருவில் காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான். மாமா கற்றுக்கொடுத்தது. சாயங்காலம் மணலில் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, எந்தக் காது குளிர்கிறது என்று கேட்பாராம். தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு பிடி மணல். இதைச் சொல்லும்போது அறுபது வயதிலும் தலையைத் தட்டிவிட்டுக்கொள்வாள்.

என்னையும் அப்படித்தான் பழக்கினாள். நான் உன்னை.

போன தீபாவளிக்கு வந்தபோது நீ ரசம் வைத்தாய். தக்காளியைக் கரைக்காமல் சுட்டுப் போட்டாய். நம் வீட்டு முறை இல்லை. அம்மா உன்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். இப்போது அவளும் அப்படித்தான் வைக்கிறாள். அந்த வீட்டில் கற்றதுதானே?

சரி, பொங்கலுக்கு வா. மாடியில் புதுக் கொடி கட்டியிருக்கிறேன். இன்றைக்கு நல்ல வாடை. உன் பழைய போர்வைகூட மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

அப்பா