படிப்பக முகப்பைச் சுண்ணாம்புக் காரையில் சீரமைக்க உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

லண்டன் பிம்லிகோவில் நம் படிப்பகம் இயங்கும் வீடு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடக்காரர் தாமஸ் கியூபிட் தாழ்ந்த நிலத்தை மேடாக்கி எழுப்பிய வரிசை வீடுகளில் ஒன்று. பார்வைக்குக் கல் மாளிகை; தோலுக்கு அடியில் சாதாரணச் செங்கல்தான். ஓர் அங்குலக் கனத்துக்குக் காரை பூசி, அது இறுகுமுன் கல் இணைப்புப் போலக் கோடு கீறியிருக்கிறார்கள். குத்தகைப்படி முகப்பைப் பராமரிப்பது நம் பொறுப்பு. பாரம்பரியக் கட்டடங்களுக்கான இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலில் வீடு இருப்பதால், உடைந்த அலங்காரத்தை வெட்டி எறிந்து மட்டமாகப் பூசிவிடவும் முடியாது.

மரச்சுத்தியலால் தட்டினால் இரண்டாம் மாடிக் கார்னிஸில் (சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அலங்கார விளிம்பில்) இடது கோடியிலிருந்து பாதி தூரம் வரை பொக்கென்று ஒலிக்கிறது. மேலே மூடியிருந்த ஈயத் தகடு நழுவி, மழைநீர் காரைக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. வெளியே அடுக்கடுக்காக எண்ணெய்ப் பெயின்ட், நடுநடுவே சிமென்ட் ஒட்டு. உள்ளே போன நீர் வெளியேற வழியில்லை. பனிக்காலத்தில் அது உறைந்து விரிந்து காரையை நெட்டித் தள்ளுகிறது. கைப்பிடிச் சுவரின் குட்டித் தூண்களுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் துருப்பிடித்துப் பருத்து, தூணைப் பிளக்கிறது.

“அந்தக் காலத்திலேயே ரோமன் சிமென்ட்தானே, இப்போதும் சிமென்ட் பூசினால் என்ன?” என்று சிலர் கேட்டார்கள். 1796-ல் ஜேம்ஸ் பார்க்கர் என்பவர் காப்புரிமை பெற்ற அந்தப் பொருள், களிமண் கலந்த சுண்ணாம்புக் கட்டிகளைச் சுட்டு அரைத்தது. இன்றைய போர்ட்லாந்து சிமென்ட் அதைவிட இறுக்கமானது. மெத்தென்ற செங்கல்லோடு சேர்ந்து அசையாமல் விரிசல் விடும். விரிசல் நீரைக் குடிக்கும். சிமென்ட் மதிப்பீடு மலிவாகத்தான் வந்தது. அதே ஒட்டுகளைப் பிடுங்கத்தான் இப்போது செலவழிக்கிறோம் என்பதால் தள்ளிவிட்டோம்.

பொக்கான பகுதியைச் செங்கல் வரை கொத்தி, இணைப்புகளைச் சுரண்டி, சுவரை நனைத்து, நீரில் இறுகும் சுண்ணாம்பு ஒரு பங்குக்குக் கூர்மணல் இரண்டரைப் பங்கு என்ற கலவையில் மூன்று பூச்சு பூசப்படும். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கால் மூடி நிதானமாக இறுகவிட வேண்டும். கார்னிஸின் வடிவத்தை, துத்தநாகத் தகட்டில் வெட்டிய அச்சை மரச்சட்டத்தில் பொருத்தி ஈரக் காரைமேல் ஓட்டி இழுத்து எடுப்பார்கள். மேலே புது ஈயத் தகடு, ஒவ்வொரு துண்டும் ஒன்றரை மீட்டருக்குள். நீளம் கூடினால் வெயிலில் விரிந்து கிழியும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், எனவே உலர்வாகத் தேய்க்காமல் பெயின்டை இளக்கும் பசை பூசி உரிப்பார்கள். பிறகு, ஆவியை வெளியே விடும் சிலிக்கேட் வண்ணம்.

செலவு: சாரம் 7,000 பவுண்டு, காரை வேலை 28,000, ஈயம் 3,500, பெயின்ட் உரித்து வண்ணம் பூச 5,000. பழுதுபார்ப்புக்கு 20 சதவீத வாட் வரியும் உண்டு. மொத்தம் 52,200.

ஒரு குட்டித் தூணுக்கு 60 பவுண்டு, கார்னிஸ் ஒரு மீட்டருக்கு 250 என்று செலவை நீங்கள் ஏற்கலாம். ஐந்து பவுண்டும் கணக்கில் சேரும். பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர்கள் ‘கிஃப்ட் எய்ட்’ படிவத்தில் கையெழுத்திட்டால், பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாக வரும். கட்டிய வரி அந்தத் தொகையை ஈடுகட்ட வேண்டும்.

வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு கெட்டுவிடும். ஏப்ரலில் சாரம் கட்டினால்தான் அக்டோபருக்குள் முடியும். பிப்ரவரி கடைசிக்குள் தொகையைப் படிப்பக அலுவலகத்தில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கட்டடச் சீரமைப்புக் குழு