பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். போன ஞாயிற்றுக்கிழமை பேச்சைப் பாதியில் வைத்துவிட்டேன், கோபம் இல்லை. "மூணு வருஷம் ஆச்சுப்பா, இன்னும் ஏன் பயப்படுறீங்க? பாசிட்டிவா இருங்க" என்று நீ சொன்னதும் எனக்கு வாய் வறண்டுவிட்டது. புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்த வாய் எப்போதுமே வறண்டுதான் கிடக்கும், அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தால்தான் படியிறங்குவேன். வங்கியில் காசாளராக இருந்த 31 வருடமும் ஒவ்வொரு நோட்டுக்கட்டையும் மறுபடி மறுபடி எண்ணியவன். அதனால்தான் ஒரு கல்யாண வீட்டில் நம் சொந்தக்காரர் ஒருவர், "கவலைப்பட்டே வரவழைச்சுக்கிட்டான்" என்று சொன்னபோது அம்மா அதை நம்பிவிட்டாள். நானும் நம்பினேன். கவலையால்தான் வந்தது என்று ராத்திரியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு கிடந்தேன். வேடிக்கைதான்.

செக்கப்புக்குப் போகும் இடத்தில் மனநல ஆலோசகராக ஒரு பெண் இருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும். அவளிடமே கேட்டேன். சுவீடனிலும் பின்லாந்திலும் ஏறக்குறைய 60,000 பேரிடம் அவரவர் சுபாவத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்களாம். 2010-ல் முடிவு வெளியானது. கவலைப்படுகிற சுபாவத்துக்கும் புற்றுநோய் வருவதற்கும் சம்பந்தம் தென்படவில்லை. வந்தவர்கள் பிழைத்துக் கிடப்பதற்கும் அப்படியே. காசாளனுக்குக் கணக்கு காட்டினால் போதும், அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எனக்கு வந்தது புகையிலையால். 22 வருடம் இடது கன்னத்தில் ஒதுக்கினேன், நோய் வந்ததும் அந்தக் கன்னத்தில்தான். அதைச் சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான். பழியைச் சுபாவத்தின் மேல் போடுவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

அதற்காகச் சுபாவம் ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. அன்றாடத்தை அதுதான் நடத்துகிறது. கரண்ட் அறை வாசலில் திருவாரூர்க்காரர் ஒருவர் இருந்தாரே, எல்லோரையும் சிரிக்க வைப்பாரே, அவருக்கு இன்றைக்கும் செக்கப் சீட்டை எங்கே வைத்தோம் என்று தெரியாது. நானோ பத்து நாள் முன்பிருந்தே கழுத்தைத் தடவித் தடவிக் கட்டி தேடுகிறேன். இரண்டு பேரும் ஒரே மெஷினில் 33 நாள் படுத்தவர்கள்தான். என்னைப் போன்றவர்களுக்கு, திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் கூடுதலாகத்தான் இருக்கும் என்று அந்தப் பெண்ணும் சொன்னாள். ஆனால் ஒன்று பாப்பா, கன்னத்தில் வெள்ளைப் படலம் தெரிந்த அதே வாரம் டாக்டரிடம் ஓடியதும் இந்தப் பயந்தாங்கொள்ளிதான். அந்தத் திருவாரூர்க்காரரென்றால் ஆறு மாதம் கழித்துப் போயிருப்பார்.

முதல் வருடம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேனே, அது வேறு. அது சுபாவம் இல்லை, மனச்சோர்வு. அதற்குச் சிகிச்சை உண்டென்றார்கள். மாத்திரை எடுத்துக்கொண்டேன், அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசினேன், சரியானது. உன்னிடம் மறைத்தது என் தப்பு. மறுபடி அப்படி ஆனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மற்றபடி தினமும் காலையில் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, இறுகிப்போன வாயைத் திறக்கப் பழகுகிறேன். இப்போது 16 குச்சி. மூன்று தடவை எண்ணித்தான் சொல்கிறேன். அம்மா காரமில்லாமல் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அது ரசமா என்று மட்டும் கேட்காதே.

அடுத்த வியாழக்கிழமை செக்கப். புதன் ராத்திரி கூப்பிடு. ஆறுதல் ஒன்றும் வேண்டாம். "பயமா இருக்காப்பா?" என்று கேள், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் உன் வீட்டுக் குழாய் ஒழுகுகிறதே, அதைப் பற்றிப் பேசலாம். பிளம்பர் வந்தானா இல்லையா?

ஆபீசுக்குக் கிளம்பும்போது கேஸை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ.

அன்புடன்,
அப்பா