க்ளீவ்: பிளப்பதா, ஒட்டிக்கொள்வதா?

அம்மாடி,

‘க்ளீவ்’ (cleave) என்கிற ஆங்கிலச் சொல்லுக்குப் பிளப்பதா, ஒட்டிக்கொள்வதா அர்த்தம் என்று போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன், மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் தோழி கல்யாணத்தில் பாதிரியார் வாசித்தாரே, ஆண்மகன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு ‘க்ளீவ்’ ஆவான் என்று. லேபில் என்சைம் டிஎன்ஏவை க்ளீவ் செய்கிறது, அதாவது பிளக்கிறது, என்று தினமும் எழுதுகிற உனக்கு அது திக்கென்றுதான் இருந்திருக்கும்.

ஒரே சொல்லுக்கு நேரெதிரான இரண்டு அர்த்தம் வந்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இவை பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறு வினைகள், பிளப்பதற்கு ஒன்று, ஒட்டுவதற்கு ஒன்று, நாளாக ஆக உச்சரிப்பு தேய்ந்து ஒரே உருவில் வந்து நின்றுவிட்டன. ஜெர்மன்காரர்கள் ஒட்டுவதை இன்றும் ‘க்ளேபன்’ என்கிறார்கள், அது நம் இரண்டாவது வினைக்குச் சொந்தம்.

1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் பைபிளை எடுத்துப் பார். ஆபிரகாம் பலிக்கு விறகைப் பிளக்கிற இடத்தில் ‘க்ளேவ்’ என்று இறந்தகாலத்தில் இருக்கும். ரூத் தன் மாமியாரை விட்டுப் போக மனசில்லாமல் பற்றிக்கொள்கிற இடத்திலும் அதே ‘க்ளேவ்’தான். எப்படிப் பிரித்தறிவது? ரூத் வசனத்தில் ‘க்ளேவ்’வுக்குப் பின்னால் ஓர் ‘அன்டூ’ (unto, நம் ‘ஓடு’ மாதிரி) வருகிறது, விறகு வசனத்தில் அது இல்லை. நமக்கு ‘விறகைப் பிளந்தான்’, ‘மனைவியோடு ஒட்டினான்’ என்று வேற்றுமை உருபே காட்டிக்கொடுத்துவிடும், அவர்களுக்கு அந்தச் சின்ன ‘அன்டூ’தான் துணை. கல்யாண வசனத்தில் நம் வேதாகமம் ‘இசைந்திருப்பான்’ என்கிறது. ஒட்டுவதைவிட எவ்வளவு அழகான சொல், பார்!

அப்புறம், பிளக்கிற க்ளீவுக்குப் பிள்ளைகள் நிறைய. ஆடு மாட்டின் பிளவுபட்ட குளம்புக்கு ‘க்ளோவன்’, பிறவியிலேயே பிளந்த உதட்டுக்கு ‘க்ளெஃப்ட்’, கறிக்கடை வெட்டுக்கத்திக்கு ‘க்ளீவர்’. நேற்றுக் குழம்புக்குப் பூண்டு உரித்தேன், முழுப் பூண்டை உள்ளங்கையில் வைத்து அழுத்தியதும் பல் பல்லாகப் பிளந்து விழுந்தது. அந்தப் பல்லுக்கு ஆங்கிலத்தில் ‘க்ளோவ்’, அதுவும் இந்தக் குடும்பம்தான். பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த கிராம்புக்கும் க்ளோவ் என்றுதான் பெயர், ஆனால் உறவே கிடையாது, அது ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு கிராம்பை எடுத்து நிமிர்த்திப் பார், குட்டி ஆணியேதான்.

உன் கட்டுரையில் இறந்தகாலத்துக்கு ‘க்ளீவ்டு’ என்றே எழுது, க்ளேவ், க்ளோவ் என்கிற பழைய இறந்தகால வடிவங்கள் எல்லாம் அங்கே வேண்டாம். அம்மா பூண்டு ஊறுகாய் போட்டிருக்கிறாள், அடுத்த மாதம் யார் அந்தப் பக்கம் வந்தாலும் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா